பவுனுவின் பின்னங்கால்

என் மாமா குதிரை வாங்கியது எங்கள் லயத்தில் யாருக்கும் நல்ல யோசனையாகப் படவில்லை. மூணாறுக்கு மேலே தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகள். ஆட்டுக்கும் கோழிக்குமே அங்கே இடம் போதாது. அம்மாவின் தம்பியான அவர் தோட்டத்து வேலையை விட்டுவிட்டு, அணை பார்க்க வருகிறவர்களை ஏற்றிச் சுற்றிக்காட்டப் போவதாகச் சொல்லி, கொடைக்கானலிலிருந்து ஒரு செவலைக் குதிரையைக் கொண்டுவந்தார். பெயர் பவுனு. அதன் முகம், கழுத்து, முதுகு எல்லாவற்றையும் யார் வேண்டுமானாலும் தடவலாம். முழங்காலுக்குக் கீழே கை போனால் மட்டும் காது பின்னால் படுத்துவிடும். அடுத்தது உதை.

பவுனு வந்த இரண்டாவது மழைக்காலத்தில், எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அது நொண்டத் தொடங்கியது. குளம்புக்கு மேலே மயிர் கொத்துக்கொத்தாக ஒட்டி, பொருக்குத் தட்டி, வெடிப்பில் நீர் கசிந்தது. மாமா எட்ட நின்று பார்த்து, சேற்றுப்புண் என்றார். சுத்தமாக இருக்கட்டும் என்று தினமும் சாயங்காலம் பத்தடி தூரத்திலிருந்து வாளித் தண்ணீரை வீசி அடித்தார். அதற்கு மேல் கிட்டே போக அவருக்குத் துணிச்சல் இல்லை. பத்தே நாளில் இடது பின்னங்கால் வீங்கிப்போனது. பவுனு அதைத் தரையில் ஊன்றவே இல்லை.

கால்நடை டாக்டரம்மா ஜீப்பில் வந்தார். ‘மட் ஃபீவர்’ என்றார். காய்ச்சல் என்றால் நெற்றியில் தெரியுமே என்று நான் பவுனுவின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. டாக்டரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வந்தது.

“தினம் கழுவினா அசுகம் கூடுமே,” என்று மலையாளம் கலந்த தமிழில் மாமாவைக் கண்டித்தார் அவர். “ஈரம்தான் இதுக்குச் சத்ரு. மயிரை வெட்டி, மருந்துத் தண்ணியில ஊற வச்சா பொருக்கு தானா இளகி வரும். பின்னே நல்லா துடைச்சுக் காய வச்சு மருந்து போடணும்.”

“தொட விட்டாத்தான டாக்டரம்மா? லாடம் அடிக்க வந்தவரு இன்னும் நொண்டிக்கிட்டுத் திரியுதாரு.”

“வீக்கம் மேலே ஏறினா குதிரையே உங்களுக்கு இல்லாமப் போகும்.”

கழுத்தில் ஊசி போட்டார். அதைப் பவுனு கண்டுகொள்ளவே இல்லை. பிறகு மாமாவின் மனைவியான அத்தையின் கம்பளிக் கையுறையை வாங்கி, பழந்துணி திணித்து, நீளமான மூங்கில் கம்பின் நுனியில் கட்டினார். அந்தப் பொய்க்கையால் தோளிலிருந்து மெல்லத் தடவிக்கொண்டே காலுக்கு இறங்க வேண்டுமாம். உதறும்போது கையை எடுக்கக் கூடாது. எடுத்தால், உதறினால் விட்டுவிடுவார்கள் என்று குதிரை கற்றுக்கொள்ளும். அசையாமல் நிற்கும் கணத்தில்தான் எடுக்க வேண்டும்.

பவுனுவைச் சேற்றிலிருந்து மாற்றி, மரத்தூள் பரப்பிய கொட்டகையில் கட்டினார்கள். கம்பு அத்தை கையில். பலகைத் தடுப்புக்கு வெளியே நின்று, பவுனு அமைதியாக நிற்கும்போது மறையூர் வெல்லத்தை நீட்டுவது என் வேலை. முதல் நாள் பொய்க்கை இரண்டு முறை கூரைக்குப் பறந்தது.

காலில் மட்டும் என்ன கோபம் என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. குதிரை என்றால் அப்படித்தான் என்றார் மாமா. “உன் காலை யாராச்சும் பிடிச்சா நீ சும்மா இருப்பியாக்கும்?” என்றார் அத்தை. அது நியாயமாகப் பட்டதால் அம்மாவை என் கணுக்காலைப் பிடிக்கச் சொல்லிப் பார்த்தேன். கூச்சம் வந்ததே தவிர, உதைக்கத் தோன்றவில்லை.

ஆறாம் நாள் பொய்க்கைக்குப் பதிலாக அத்தையின் சொந்தக் கையையே பவுனு அனுமதித்தது. டாக்டரம்மா மறுபடி வந்து கத்தரியால் மயிரை வெட்டினார். வீங்கியிருந்த காலில், மயிருக்கு அடியில், கணுவைச் சுற்றி வழுவழுப்பான ஒரு வளையம் தெரிந்தது. அதில் ஒரு மயிர்கூட முளைத்திருக்கவில்லை.

“மாமா, இது என்னது, கொலுசு மாதிரி?”

“பிறவியிலேயே அப்படித்தான் பாப்பா,” என்று சொல்லிவிட்டு மாமா வெளியே போய்த் தார்ப்பாயை இழுத்துக் கட்டத் தொடங்கினார். அன்று மழையே இல்லை.

டாக்டரம்மா அந்த வளையத்தின் மேல் விரலை ஓட்டிப் பார்த்தார். பிறகு மாமாவைக் கூப்பிட்டு மருந்து டப்பாவை அவர் கையில் கொடுத்தார். “இந்தக் காலுக்கு நீங்கதான் போடணும்.”

“அவளுக்குத்தான் நல்லாப் பழகியிருக்கு...” மாமா அத்தையைக் காட்டினார்.

“வேண்டா. நீங்க.”

மாமா குனிந்ததும் விழுந்தது உதை. தொடையைப் பிடித்துக்கொண்டு மரத்தூளில் உட்கார்ந்துவிட்டார். இதுவே வேறு நாளாக இருந்தால் பவுனுவின் ஏழு தலைமுறையையும் திட்டித் தீர்த்திருப்பார். அன்று எழுந்து டப்பாவைத் தேடி எடுத்தார். “அடி தாயி, அடிச்சுக்கோ,” என்றபடி மறுபடி குனிந்தார்.

அடுத்த நாளும் உதை வாங்கினார். அதற்கடுத்த நாளும். நான்காம் நாள் பவுனு நடுங்கிக்கொண்டே நின்றது, ஆனால் காலை உதறவில்லை. மாமா அதன் தொடையில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டு அந்த வளையத்தின் மேலேயே வெகுநேரம் மருந்து தேய்த்தார். “மாமா, அந்த எடத்துல புண்ணே இல்லையே,” என்றேன். அவர் டப்பாவிலிருந்து இன்னும் கொஞ்சம் மருந்தை விரலில் எடுத்தார். புண் ஆற மூன்று வாரம் ஆனது. அதுவரை தினமும் அவரே தேய்த்தார்.

நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அத்தை சொன்னார். வாங்கிய புதிதில், அணைப்பக்கம் ஒரு கொட்டகையில் கட்டியிருந்தபோது, பவுனு அவிழ்த்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருந்ததாம். மாமா அந்தக் காலை நைலான் கயிற்றால் மரத்தோடு கட்டிப்போட்டாராம். அது இழுக்க இழுக்கக் கயிறு இறுகிச் சதைக்குள் போயிருந்ததை மூன்றாம் நாள்தான் பார்த்தாராம்.

ஒன்பது வயதில் எனக்கு இது எதுவும் தெரியாது. மழை விட்டு, பவுனு மறுபடி வேலைக்குப் போனபோது, பள்ளி விடுமுறைகளில் நானும் கூடப் போவேன். சவாரிக்கு வரும் பிள்ளைகளிடம் அந்த வளையத்தைச் சுட்டிக்காட்டி, எங்கள் குதிரை கொலுசோடு பிறந்தது என்று சொல்வேன். அவர்கள் வாயைப் பிளந்து பார்ப்பார்கள். கடிவாளத்தைப் பிடித்தபடி அணைத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருக்கும் மாமா, “போதும் பாப்பா,” என்பார். நம் வீட்டுக் குதிரையை நாமே புகழ்வது அவருக்குக் கூச்சமாக இருக்கிறது என்று நினைத்து, அடுத்த பிள்ளைக்கு இன்னும் சத்தமாகச் சொல்வேன்.