கிராணி வீட்டு மீன்தொட்டி

எங்கள் லயத்தில், தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் அந்த வரிசை அறைகளில், உபயோகமில்லாத பொருளை யாரும் வாங்குவதில்லை. வாங்க வழியும் இல்லை. ஆகவே, அம்மா வளர்த்த முட்டைக்கோழிகளை அப்பா காலைக் கட்டித் தூக்கிக்கொண்டு போய், அவற்றைக் கொடுத்து பெரிய கிராணி வீட்டு மீன்தொட்டியைப் பேசி முடித்துவிட்டு வந்தபோது, அவருக்கு என்னவோ ஆகிவிட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள். என்ன ஆனது என்பதில்தான் ஆளுக்கொரு அபிப்பிராயம்.

அம்மாவின் அபிப்பிராயம் சுருக்கமானது. "கோழியக் குடுத்து மீன வாங்குற ஆள நான் இப்பத்தான் பாக்குறேன். அதுவும் திங்க முடியாத மீனு."

பக்கத்துக் காம்பராவில் இருந்த மாமா, அதாவது அம்மாவின் அண்ணன், தோட்டத்தில் தொழிற்சங்கத் தலைவர். வேலையை ஒத்த புத்தி. இருட்டில் நாய் குரைத்தாலும் அது தோட்டத்துத் துரைக்குச் சேதி சொல்லுகிறதோ என்று யோசிப்பவர். அவர் வாசலில் வந்து நின்று, சிரித்த முகத்தோடு கேட்டார்.

"என்ன மச்சான், கிராணி சும்மா குடுப்பானா? சங்கத்துக் கத ஏதாச்சும் கேட்டானா?"

"கோழிக்குக் குடுத்தாரு மச்சான்."

"கோழிக்கா? சரி, சரி. கோழிதானே."

அன்றிலிருந்து அப்பா பீலியடிக்குத் தண்ணீர் எடுக்கப் போனால் அங்கே பேச்சு நின்றுவிடும்.

அது பொதுவாகவே எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்ட காலம். பிரஜாவுரிமைக்கு மனுப்போட்டவர்களை விசாரிக்க அரசாங்க ஐயாமார் தோட்டம் தோட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். நாம் இலங்கையில் நிலையாக இருக்கப் போகிறவர்களா, இந்தியாவில் இருக்கும் ஊருக்குப் போகிற நினைப்பில் இருப்பவர்களா என்று பார்ப்பார்களாம். அவர்களுக்குத் திருப்தியில்லை என்றால் ஒருநாள் கோச்சி ரயிலில் ஏற்றிக் கப்பலுக்கு அனுப்பிவிடுவார்களாம். எங்கள் மனுவும் போயிருந்தது. எங்கள் முறை எப்போது வரும் என்று தெரியாது. எனக்கு விளங்கியது அவ்வளவுதான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு தம்பியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் இருந்தவளுக்கு அதற்கு மேல் யாரும் சொல்லவுமில்லை.

கிராணி யாழ்ப்பாணத்துக்காரர், தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதுகிறவர். வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போகவிருந்தார். அந்தத் தொட்டி முதலில் வெள்ளைக்காரத் துரையின் மனைவி துரைசானியுடையது. அவர் சீமைக்குப் போகும்போது கிராணிக்குக் கொடுத்தார். இரும்புச் சட்டத்தில் நான்கு பக்கமும் கண்ணாடி பதித்தது. தேயிலைப் பெட்டியில் பாதி அளவு இருக்கும். உள்ளே பச்சைக் கொடிபோல் சில செடிகள், நகம் அளவுக்கு மீன்கள். ஆண் மீனின் வால் மட்டும் வண்ணத்தாள் ஒட்டியதுபோல இருக்கும். எடுக்கப் போன அன்று அம்மாவும் நானும் கூடப் போனோம்.

"உனக்கு உது என்னத்துக்கு?" என்றார் கிராணி. "கொண்டுபோய் ஹட்டனில விக்கப் போறியோ?"

"இல்லீங்க ஐயா. வளக்கத்தான்."

"லயத்துக்குள்ளயோ?" அவர் அப்பாவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, கோழிகள் ஏற்கனவே குழம்பாகிவிட்ட காரணத்தாலோ என்னவோ, மனம் இளகிச் சொன்னார். "பழைய தண்ணியைக் கொட்டிப் போடாதை. பீலித்தண்ணி குளிர். விட்டியெண்டால் எல்லாம் செத்துப்போம்."

ஆகவே தண்ணீரையும் சுமக்க வேண்டியதாயிற்று. அப்பா சிரட்டையால் தொட்டித் தண்ணீரை மண்ணெண்ணெய்த் தகரத்தில் முகந்து ஊற்றினார். மீன்களை அம்மாவின் பழைய சேலைத் துண்டில் பிடித்து அதற்குள் விட்டார். செடிகளை வேரோடு எடுத்து நனைந்த சாக்கில் சுருட்டி என் கையில் கொடுத்தார். நாங்கள் புறப்படும்முன் கிராணியின் மனைவி வந்து சாக்கை விரிக்கச் சொல்லிப் பார்த்தார். கரண்டி எதுவும் அதில் இல்லை என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டார்.

அப்பா தலையில் சாக்குச் சும்மாடு, அதன்மேல் காலித் தொட்டி. அம்மா தலையில் தகரம். தேயிலை மலையில் இறங்கும் ஒற்றையடிப் பாதை. தொட்டியைப் பிடித்துக்கொண்டு அப்பாவால் குனிந்து பார்க்க முடியாது. நான் முன்னால் நடந்து, "கல்லு... குழி... வழுக்கும்... இங்க படி" என்று சொல்லிக்கொண்டே போனேன். பிறகு வவுனியா, கடல் கடந்து மண்டபம் முகாம், கூடலூர் என்று எத்தனையோ இடங்களில் குடும்பத்தோடும் தனியாகவும் சாமான் தூக்கியிருக்கிறேன். எதையும் அவ்வளவு பயந்து கொண்டுபோனதில்லை.

பாதி வழியில் தோட்டத்து வாச்சர் பிடித்துக்கொண்டார். தகரத்தின் வாயைச் சாக்கால் மூடியிருந்ததுதான் தப்பு. அந்தப் பக்கம் தகரத்தை மூடிக்கொண்டு போகிறவர்கள் கசிப்புச் சாராயம் காய்ச்சுகிறவர்கள் மட்டுமே.

"எறக்கு. டின்னுல என்னா?"

"மீனுங்க" என்றாள் அம்மா.

"மீனா? எந்த ஊருல மீன இப்பிடித் தண்ணியோட கொண்டு போறாங்க? பாத்தா நல்ல பொம்பள மாதிரி இருக்க."

சாக்கை விலக்கி விரலை விட்டார். எடுத்து நாக்கில் வைத்தார். முகம் போன போக்கைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காறிக் காறித் துப்பினார். நான் சிரித்ததாலோ என்னவோ, அவருக்கு ரோசம் வந்து தொட்டியைத் தட்டிப் பார்த்தார். "இது பங்களாச் சாமானாச்சே. கெளப்பிட்டு வந்தீங்களா? இங்கேயே நில்லுங்க. கிராணி ஐயாவக் கேட்டுட்டு வாறேன்."

அவர் மேலே ஏறிப் போனார். மூடுபனி கீழே இறங்கியது. அம்மா தன் கம்பளியைக் கழற்றித் தகரத்தைச் சுற்றி மூடினாள். கோழி போன கோபம் தீராத அதே அம்மாதான். பல் கிட்டிக்க நின்றுகொண்டு, "இப்பவாச்சும் சொல்லித் தொலைங்க. எதுக்கு இது?" என்றாள்.

அப்பா சுற்றுமுற்றும் பார்த்தார். தேயிலைச் செடிகளைத் தவிர யாருமில்லை. இருந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"காம்பரா தொரையோடது. மண்ணு தொரையோடது. நாம இங்கதான் இருக்கப் போறோம்னு அந்த ஐயாவுக்கு எதக் காட்டுவ? ஆடு மாடுன்னா வித்துட்டுப் போயிருவான்னு நெனப்பாரு. சட்டி பானைன்னா கட்டிட்டுப் போயிருவான்னு நெனப்பாரு. கண்ணாடியும் தண்ணியும் உசுரு மீனும் தூக்கிக்கிட்டு எவனாச்சும் கப்பல் ஏறுவானா? இத வச்சிருக்கவன் போகமாட்டான். பாத்தாலே தெரிஞ்சிரும்."

அம்மா தகரத்தின் மேல் கம்பளியை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு, "மத்தவங்களுக்குஞ் சொல்லலாமே?" என்றாள்.

"கெட்டுச்சு போ. அப்பறம் லயத்துக்கு லயம் மீன்தொட்டி வந்துரும். நம்மளதுக்கு என்னா மதிப்பு? உங்கண்ணன்கிட்டகூட மூச்சு விடாத."

வாச்சர் திரும்பி வந்து, போகச் சொன்னார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. அது அவர் வேலையில் சேர்ந்ததல்ல.

தொட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தோம். அங்கேதான் சூடு. பழைய தண்ணீரை ஊற்றி, ஆற்றுமணலில் செடிகளை ஊன்றி, மீன்களை விட்டார் அப்பா. சில மீன்கள் வழியிலேயே செத்திருந்தன. ஒரு மூலையில் தண்ணீர் கசிந்தது. அதற்குக் கீழே துணி வைத்தோம். அடுப்புப் புகை கண்ணாடியில் படியும். அப்பா விடிகாலையில் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் புறப்படும் முன்னால் அதைத் துடைத்துவிட்டுத்தான் போவார். எங்களைக் குளிப்பாட்டிக்கூட அவர் அப்படிப் பார்த்துக்கொண்டதில்லை. மாமா அடிக்கடி "மீன் பார்க்க" வருவார். மீனைப் பார்த்ததைவிட தொட்டிக்குக் கீழேயும் பின்னாலேயும்தான் அதிகமாகப் பார்த்தார். கிராணி அங்கே எதை ஒளித்துக் கொடுத்திருப்பார் என்று அவர் நினைத்தாரோ தெரியாது.

ஒரு காலையில், தம்பிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, வயிறு பருத்த ஒரு பெண் மீன் செடிக்குப் பின்னால் போய் நின்று நடுங்கியது. அதன் வயிற்றிலிருந்து கடுகுபோல் ஒன்று உருண்டு விழுந்தது. விழுந்தது நீந்தியது. பிறகு இன்னொன்று. முட்டையில்லை, ஒன்றுமில்லை, நேரே குஞ்சு! நான் போட்ட கூச்சலில் மாமா, காம்பராவில் சோதனை நடக்கிறதென்று நினைத்து ஓடிவந்தார்.

விசாரணை ஐயா வந்தது அதற்குச் சில நாட்கள் கழித்து. சிங்களவர், எங்களைவிடத் திருத்தமாகத் தமிழ் பேசினார். அப்பா வேட்டி கட்டி நின்றார். ஊரில் யார் இருக்கிறார்கள், பணம் அனுப்புவதுண்டா என்று ஐயா கேட்டார். யாருமில்லை, இல்லை என்று அப்பா சொன்னார். அவர் கண் தொட்டிமேல் விழவேண்டும் என்று அப்பா நகர்ந்து நகர்ந்து வழிவிட்டார். கடைசியில் விழுந்தது.

"இது யார் கொடுத்தது?"

"வாங்குனதுங்க ஐயா."

"கூலி வேலை செய்கிற ஆளுக்கு எதற்கு இது?"

அப்பா அதற்குப் பதிலை வைத்திருந்தார். மலையில் மண் கொந்திக்கொண்டே சொல்லிப் பழகியதை, தேத்தண்ணி கொண்டுபோனபோது நானே கேட்டிருக்கிறேன். ஆனால் அதற்குள் ஐயா குனிந்து கண்ணாடியில் விரலால் தட்டினார்.

"இது நம் நாட்டு மீன் இல்லையே. வெளியிலிருந்து வந்தது."

அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. இவ்வளவு யோசித்தவர் அதை மட்டும் யோசித்திருக்கவில்லை. "பெருசுதாங்க ஐயா வெளியில இருந்து வந்தது" என்றார் அவசரமாக. "குஞ்செல்லாம் இங்க பொறந்ததுங்க. இந்தக் காம்பராவுலயே."

"அப்படியா? சாட்சி இருக்கா?" ஐயா சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.

அப்பா தொட்டியைப் பார்த்தார். எனக்கோ பெருமை பொறுக்கவில்லை. "நான் பாத்தேங்க!" என்று முன்னால் வந்தேன். "செடிக்குப் பின்னாடி. ஒவ்வொண்ணா விழுந்துச்சு."

அவர் நன்றாகச் சிரித்தார். என் தலையைத் தொட்டார். "நல்ல சாட்சி. நீ எங்கே பிறந்தாய்?"

"இங்கதாங்க."

"அதை யார் பார்த்தது?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சேலைத் தலைப்பை வாயருகே பிடித்துக்கொண்டு, "மருத்துவச்சி இருந்தாங்க ஐயா" என்றாள். "போன வருசம் அவங்க இந்தியாவுக்குப் போயிட்டாங்க."

"வேறு யாரும்?"

இவ்வளவு சுலபமான கேள்விக்குப் பெரியவர்கள் இப்படி முழிக்கிறார்களே என்று நான் மறுபடியும் குறுக்கே விழுந்தேன். "எங்கம்மா பாத்திருப்பாங்களே!"

ஐயா அதற்கும் சிரித்தார், சிரித்தபடியே மனுவில் ஏதோ எழுதிக்கொண்டார். அவர் சிரித்ததால் நானும் சிரித்தேன். அப்பாவும் அம்மாவும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்த பெரிய மனிதர் இவ்வளவு தமாஷாகப் பேசியும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு நிற்கிறார்களே என்று, அவர் போய் வெகுநேரம் வரை எனக்கு அவர்கள்மேல் கோபமாகவே இருந்தது.