ஸ்மராந்தா வரைந்த மாலை

பாரிசின் லா சப்பலில், பழைய கட்டடமொன்றின் ஆறாம் மாடியில், ஓர் இளவரசி இருந்தார். கதை இல்லை, உண்மையான இளவரசி! ருமேனியாவின் இளவரசர் பட்டமுள்ள பிரபுக் குடும்பமொன்றில் பிறந்தவர், பெயர் ஸ்மராந்தா. சின்ன வயதில் ஓவியம் கற்பிக்க வியன்னாவிலிருந்து ஆசிரியர் வந்தாராம். போருக்குப் பிறகு ஆட்சி மாறி, வீடும் நிலமும் போயின. பாரிசுக்கு ஓடிவந்தவர், மேசைவிளக்குகளின் துணி மூடிகளில் பூ வரைந்தே முதுமையை எட்டினார். தன் சொந்தப் படங்களோடு அவர் ஏறி இறங்காத கடை இல்லை. ஒன்றுகூட விற்கவில்லை. எண்பத்தாறு வயதில், கண்ணில் புரையோடு, நடைவழிக் குழாயில் தண்ணீர் பிடித்து வாழ்ந்துகொண்டிருந்தார்.

எதிர் அறையில் யாழ்ப்பாணத்துக் கோசலை. கணவன் மகேந்திரராசா உணவகத்தில் கோப்பை கழுவுகிறவன், வாய்க்காரன்.

"கோசலை, இளவரசி வாளியோட வாறா. கம்பளத்தை விரி!"

"விசர்க் கதை கதையாதேங்கோ. போய் வாளியை வாங்குங்கோ, மனுசி விழப்போகுது."

ஸ்மராந்தாவுக்கு மிஞ்சியிருந்தது ஒரே ஆசை: சாவதற்குள் தன் படம் ஒன்று யாராவது ஒருவருடைய வீட்டுச் சுவரில் தொங்கவேண்டும். அதைக் கேட்ட கோசலை, தம்பி வாமதேவனின் சின்னப் புகைப்படத்தை எடுத்துவந்தாள். ஆமி பிடித்துக்கொண்டு போனவன். இருக்கிறானா இல்லையா, ஒரு தகவலும் இல்லை.

பாதி பிரெஞ்சும் பாதிக் கையுமாகச் சொன்னாள்: "இதைப் பெரிசாக் கீறித் தாங்கோ, மதாம். சாமிப்படத்துக்குப் பக்கத்திலை கொழுவுறன். நீலச் சட்டையெண்டா அவனுக்கு உயிர்."

மகேந்திரராசா அன்றைக்கே ஆணி அடித்துவிட்டான்.

ஸ்மராந்தா பனிக்காலம் முழுக்க வரைந்தார். முகம் அச்சாக வந்தது. ஆனாலும் ஏதோ குறைவதாக அவருக்குப் பட்டது. ஒருநாள் தேயிலை வாங்க மகாலிங்கத்தின் மளிகைக் கடைக்குப் போனார். அங்கே பிள்ளையார் படத்தில் புது மாலை.

"ஏன் பூ?"

"நாங்கள் பெரிசா மதிக்கிறவைக்குப் போடுறது, மதாம்," என்றார் மகாலிங்கம், மிளகாய்த்தூளை நிறுத்தபடி. பொய்யில்லை. பாதியைத்தான் சொன்னார்.

விளக்கு மூடிகளில் பழகிய கை அல்லவா! வாமதேவனின் கழுத்தில் இதழ் இதழாக ஒரு மல்லிகை மாலை பூத்தது. அவர் வாழ்நாளில் வரைந்த பூக்களில் அதுதான் அழகு.

ஞாயிற்றுக்கிழமை துணியை விலக்கினார். கோசலையின் கையிலிருந்த தேத்தண்ணி சிந்தியது.

"ஐயோ! ஆர் சொன்னது அவன் செத்திட்டானெண்டு? மதாம், உங்களுக்கு ஆர் சொன்னது?"

ஸ்மராந்தாவுக்கு விளங்கவில்லை. கோசலை அழுவதைச் சந்தோஷக் கண்ணீர் என்று நினைத்துச் சிரித்தார்.

மகேந்திரராசாதான் மெதுவாகச் சொன்னான். "எங்கடையாக்கள் மனிசற்றை படத்துக்கு மாலை போடுறது, அவை செத்தாப் பிறகுதான், மதாம்."

ஸ்மராந்தா படத்தைத் தூக்கிக்கொண்டு போனார். ஒவ்வொரு பூவாகச் சுரண்டி, அதன்மேல் நீலச் சட்டை வரைந்து, மறுபடி கொண்டுவந்தார். கோசலை நெடுநேரம் பார்த்தாள்.

"பூ இல்லை, மதாம். ஆனா எனக்கு இன்னும் தெரியுது." பிறகு, "அவன் வரட்டும். வந்த கையோட கொழுவுறன். சத்தியமா," என்றாள்.

ஸ்மராந்தா தலையாட்டினார். அதற்குப் பிறகு, கோசலையின் கதவு திறக்கும்போதெல்லாம் அவர் கண் முதலில் சுவருக்குத்தான் போகும்.

அடுத்த பனிக்காலத்தில் அவர் இறந்தார். அடக்கத்துக்கு நின்றவர்கள் கோசலையும் மகேந்திரராசாவும் மட்டுமே. வாமதேவன் வரவில்லை. படம் அலுமாரிக்குப் பின்னால், முகம் சுவரைப் பார்த்தபடி நிற்கிறது. ஆணியில் மகேந்திரராசாவின் குடை தொங்குகிறது.