பெரியம்மாவுக்குக் காவல் போன நாள்

எங்கள் வீட்டில் ஒரு குமர் இருந்தது. அதற்கு அப்போது நாற்பத்திரண்டு வயது.

அம்மாவின் அக்கா, எனக்குப் பெரியம்மா. கலியாணமாகாத பெண் எங்கள் பக்கத்தில் குமர்தான். தலை நரைத்தாலும் குமர்தான். சாதகம், சீதனம், பிறகு நாட்டுச் சண்டை என்று ஒவ்வொன்றாக வந்து பெரியம்மாவின் கலியாணத்தைத் தள்ளிவைத்துவிட்டன. குமர் தனியே பஸ் ஏறக்கூடாது என்பது அம்மாவின் சட்டம். ஆகவே பெரியம்மா கடைக்குப் போனாலும் கோயிலுக்குப் போனாலும் ஒன்பது வயதில் நான்தான் காவல். மூக்கு ஒழுகும் காவல்.

நிலாவெளியில் ஒரு ஹோட்டலில் அறை துப்புரவாக்க இளம் பெண்கள் தேவை என்று சந்தியில் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். பெரியம்மா அதை இரண்டு தரம் வாசித்தார். தங்கை வீட்டுச் சோறு அவருக்குத் தொண்டையால் இறங்காமல் பல வருடமாகியிருந்தது. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. இளம் பெண் கேட்கிறார்கள், எங்களிடம் குமர் இருக்கிறது.

எங்கள் ஊர் கப்பல்துறையிலிருந்து இரண்டு பஸ் மாறிப் போனோம். வழி முழுதும் பெரியம்மா என் கையை விடவில்லை.

ஹோட்டல் முகாமையாளருக்குத் தமிழ் தெரியாது. எனக்குச் சிங்களம் தெரியும், அயல் பிள்ளைகளோடு சண்டைபிடித்துப் பழகியது. வேலைக்கு வந்தவர் இவர்தான் என்று பெரியம்மாவைக் காட்டினேன். பிறகேன் சின்னப் பிள்ளையைக் கூட்டிவந்தார் என்று கேட்டார். குமருக்குச் சிங்களத்தில் என்ன சொல்வது? இளமைக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த சொல் ‘தருண’ ஒன்றுதான். இவர் தருண, அதனால் வீட்டில் தனியே விடமாட்டார்கள் என்றேன். மனுஷன் பெரியம்மாவின் நரையைப் பார்த்தார். பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். முப்பதுக்கு மேல் எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டு மறுபடி சிரித்தார்.

“என்னவாம்?” என்று பெரியம்மா கேட்டார்.

“உங்களுக்கு வயசு போயிட்டுதாம், பெரியம்மா. குமர் எண்டு சொன்னதுக்குச் சிரிக்கிறார்.”

ஒன்றும் விடாமல் மொழிபெயர்த்ததில் எனக்குப் பெருமை. அந்தச் சிரிப்பை என் வாயாலேயே அவரிடம் கொண்டுபோய்க் கொடுத்தேனே என்று நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

“ஓம்” என்றார் பெரியம்மா. “வா, பஸ் போயிடும்.”

வீடு வந்து சேரப் பொழுது சாய்ந்துவிட்டது. வாசலில் நின்ற அம்மா என்னைத்தான் ஏசினார். “குமரைக் கூட்டிக்கொண்டு போய் வர இவ்வளவு நேரமே?”

நான் முந்திக்கொண்டேன். “அம்மா, பெரியம்மா இனிக் குமர் இல்லையாம்! வயசு போயிட்டுதாம். இனி எங்கயும் தனியப் போகலாம்!”

பெரியம்மா குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். இவ்வளவு நல்ல செய்தி கொண்டுவந்தவளுக்கு ஒருவரும் ஒரு டொபிகூடத் தரவில்லையே என்று, அந்தக் கதவடியில் கோபத்தோடு உட்கார்ந்திருந்தேன்.