பன்னிரண்டாவது பெயரும் பெல்மீரோவின் மீசையும்

"இந்த ஊர்ப் பேச்சுல ஒரே ஒரு வார்த்தை என் வாயிலேருந்து வந்துச்சுன்னா, அன்னைக்கே இந்த மீசையை எடுத்துடறேன்."

லக்சம்பர்க் நாட்டின் எஷ் நகரத்தில், போர்ச்சுகலிலிருந்து குடியேறியவர்களின் பர்ரோசோ மலை நண்பர்கள் சங்கத்தின் ஆண்டு விருந்தில், உப்புமீனுக்கும் பட்டைத்தூள் தூவிய பால்சோற்றுக்கும் நடுவே எழுந்து நின்று தலைவர் பெல்மீரோ கீன்தாஸ் இவ்வாறு அறிவித்தார். நூற்று நாற்பது பேர் கைதட்டினார்கள். அவர் மனைவி சுல்மீரா மட்டும் தட்டவில்லை. அவள் கையில் கரண்டி இருந்தது.

சாதாரண மீசை என்றால் சபதத்துக்கு மதிப்பிருக்காது. அது மேலுதட்டை முழுக்க மூடி, சூப் குடிக்கும்போது தனியாக ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும் மீசை. பதினெட்டு வயதில் ஊரைவிட்டுக் கிளம்பியபோது முளைத்தது, முப்பத்தொரு வருடமாக இருக்கிறது. கட்டட வேலைக்கு வேண்டிய பிரெஞ்சை அவர் கற்றுக்கொண்டார். அது கூலி வாங்கும் மொழி, அதில் குற்றமில்லை என்பது அவர் வாதம். ஆனால் லக்சம்பர்க் மக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் பேச்சை மட்டும் தொடவில்லை. அவர்கள் காலை வணக்கம் சொன்னால் தலையை ஆட்டுவார். மழை வரும் என்றால் வானத்தைப் பார்ப்பார். மேஸ்திரி தன் மொழியில் அசிங்கமாக ஜோக் சொல்லும்போது மட்டும் எல்லாரையும்விட அரை விநாடி முன்னால் சிரித்துவிடுவார். கேட்டால், "மரியாதைக்குச் சிரிச்சேன்" என்பார்.

சங்கம் என்றால் பெரிய மாளிகை இல்லை. கீழே மதுக்கூடம், சீட்டாட்ட மேசைகள், சுல்மீராவின் சமையலறை. மேலே நடனக் குழுவின் பாவாடைகளும் மேளமும் அடுக்கிய அலமாரி. அதை ஒட்டி நகராட்சி இனாமாகக் கொடுத்த ஓர் அறை. சனிக்கிழமைதோறும் அங்கே போர்ச்சுகீஸ் வகுப்பு நடக்கும். ஓடு பதிக்கும் வேலைக்காரரான பெல்மீரோ இரண்டு குளிர்காலம் முட்டி தேய உட்கார்ந்து அந்த அறைக்குத் தரை போட்டார். ஜன்னல் ஓரத்தில் ஒரே ஓர் ஓட்டில் தன் கிராமத்தின் பெயரைத் தலைகீழாகப் பதித்தார். ஏன் தலைகீழ் என்று கேட்டால், கரும்பலகை முன்னால் நிற்கும் டீச்சருக்கு நேராகத் தெரியும் என்று விளக்கம். அவர் படித்தது நான்காம் வகுப்புவரை. பள்ளிக்கூடம் நடத்துகிறவர்களுக்கு அது போதாது என்று சட்டம் ஏதும் இல்லை.

அந்த அறைக்குத்தான் ஜூன் மாதம் ஆபத்து வந்தது. அடுத்த வருட வகுப்புக்குப் பன்னிரண்டு பேராவது பதிந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குள் படிவம் வந்து சேராவிட்டால் அறை யோகா குழுவுக்குப் போகும் என்று நகராட்சி எழுதியிருந்தது.

"யோகாவா?" என்றார் பெல்மீரோ. "நான் போட்ட தரையில காலைத் தூக்கிட்டு நிப்பாங்களா?"

"தரை வழுக்காதே, அதான் கேக்கறாங்க" என்றாள் சுல்மீரா.

டீச்சர் பிலிப்பாவின் பட்டியலில் பதினோரு பெயர் இருந்தது. பன்னிரண்டாவது பெயர் சங்கம் கொண்டாடிய செயிண்ட் ஜான் திருவிழா அன்று தானாகவே நடந்து வந்தது.

வந்தவர் மதாம் தில். வயது அறுபத்து மூன்று, அசல் லக்சம்பர்க்காரி, ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். இருபத்தாறு வருடம் விடிகாலையின் முதல் பஸ்ஸை ஓட்டியவர். அலுவலகங்களைப் பெருக்கித் துடைக்கப் போகும் போர்ச்சுகீஸ் பெண்கள்தான் அந்த பஸ் முழுக்க. சுல்மீராவும் அதில் ஒருத்தி. மதாம் தில் கரியில் சுட்ட மத்தி மீன் ஆறு சாப்பிட்டார், படிவத்தில் பெயர் எழுதினார், காரணமும் சொன்னார். சுல்மீரா அதை எல்லாருக்கும் மொழிபெயர்த்தாள்: "இருபத்தாறு வருஷம் எனக்குப் பின்னால உக்காந்து சிரிச்சீங்க. எதுக்குச் சிரிச்சீங்கன்னு தெரிஞ்சுக்காம நான் சாகறதா இல்ல."

பெண்கள் சமையலறைப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

வாசல் மேசையில் திருநீற்றுப்பச்சைத் தொட்டிகள் வரிசையாக இருந்தன. பந்துபோல உருண்டையாகக் கத்தரித்த செடிகள். ஒவ்வொன்றிலும் ஒரு காகிதப் பூ, குச்சியில் ஒரு சின்னக் கொடி, கொடியில் நாலு வரிப் பாட்டு. செடி வளர்ப்பதும் பெல்மீரோ, பாட்டு எழுதுவதும் பெல்மீரோ. மார்ச் மாதத்திலிருந்து அவர் வீட்டு பால்கனியில் மனிதர் நிற்க இடமில்லை. அந்த வருடத்துப் பாட்டுகளில் அவருக்கே பிடித்தது இது:

பச்சைச் செடியே, உருண்டைச் செடியே,
பக்கத்துத் தெருவுக்கு வாசம் போகுமா?
இச்சை கொண்டவள் கதவைத் திறந்தால்
எட்டு மலையும் எனக்குத் தூரமா?

மதாம் தில் குனிந்து, அந்தச் செடிக்குள் மூக்கை முழுதாக நுழைத்து மூச்சிழுத்தார்.

திருநீற்றுப்பச்சையை உள்ளங்கையால் வருடி, கையைத்தான் முகர வேண்டும். மூக்கு பட்டால் செடி வாடிவிடும். இது பர்ரோசோ மலையில் தவழும் குழந்தைக்கும் தெரியும். பெல்மீரோ பாய்ந்து தொட்டியைப் பிடுங்கினார். மதாம் தில்லின் மூக்கில் இரண்டு இலை ஒட்டிக்கொண்டு வந்தது. பெல்மீரோ தாய்மொழியில் சுருக்கமாக ஒரு வாக்கியம் சொன்னார்.

"என்ன சொல்றார்?" என்று மதாம் தில் கேட்டார்.

சுல்மீரா நேர்மையானவள். "வைக்கோல்ல மூஞ்சி வைக்கற பசுவுக்குக்கூட உங்களைவிட நாசூக்கு தெரியும்னு சொல்றார்" என்று ஒரு வார்த்தை குறைக்காமல் மொழிபெயர்த்தாள்.

மதாம் தில் மூக்கிலிருந்த இலைகளை எடுத்து மேசைமேல் வைத்தார். பிலிப்பாவிடம் போய்ப் படிவத்தில் தன் பெயரை நேராக ஒரு கோடு போட்டு அடித்தார். வாசலில் நின்று சொன்னதையும் சுல்மீராதான் சொல்ல வேண்டியிருந்தது: "இந்த வயசுல அவர் பாஷையைக் கத்துக்க வந்தேன். மன்னிப்புக் கேக்கணும்னா அவர் என் பாஷையில கேக்கட்டும். பிரெஞ்சு வேண்டாம்."

மீதமிருந்த நாலு நாளில் பெல்மீரோ செய்யாத முயற்சி இல்லை. முடி திருத்தும் இத்தாலியரைக் கேட்டார். வாடிக்கையாளர்கள் ஏற்கெனவே ஐந்து மொழியில் கடன் சொல்கிறார்கள், ஆறாவது வேண்டாம் என்றுவிட்டார். மீன் கொண்டுவரும் லாரிக்காரர் சனிக்கிழமைகளில் ஸ்பெயினில் இருப்பார். கடைசியாக பிலிப்பாவிடம் வந்து நின்றார்.

"என் பேரை எழுதும்மா."

"உங்களுக்குத்தான் போர்ச்சுகீஸ் தெரியுமே, சென்யோர் பெல்மீரோ."

"தெரியாதுன்னு எழுது."

"தலைவர்னு நகராட்சிக்குப் போன எல்லாக் கடிதத்திலயும் நீங்கதானே கையெழுத்து?"

"கையெழுத்துதானே. அதுல தப்பு இருந்தா யாருக்குத் தெரியும்?"

பிலிப்பா படிவத்தை மூடி அவர் கையிலேயே கொடுத்தாள். "வெள்ளிக்கிழமை நாலு மணிவரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

வியாழன் இரவு சாப்பாட்டில் சுல்மீரா கேட்டாள். "ஏ மனுஷா, மன்னிப்பு நாலு வார்த்தை. நான் சொல்லித் தரவா?"

"வேண்டாம்."

"மீசைக்காகத்தானே?"

"அது மீசை இல்ல, சுல்மீரா. நூத்து நாப்பது பேர் முன்னால சொன்ன வார்த்தை."

"அதுல அறுபது பேர் குடிச்சிருந்தாங்க."

"மிச்சம் எம்பது பேர்?"

சுல்மீரா ரொட்டியை அவர் பக்கம் தள்ளினாள்.

வெள்ளிக்கிழமை காலை குளியலறைக் கதவு வழக்கத்தைவிட நெடுநேரம் மூடியிருந்தது. வெளியே வந்தவரைப் பார்த்த சுல்மீரா காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். மீசை இருந்த இடத்தில், முப்பத்தொரு வருடமாக வெயில் காணாத ஒரு வெள்ளைத் துண்டு. அவளுக்கு ஒரு நூறு கேலி தோன்றியிருக்க வேண்டும். நேரே பால்கனிக்குப் போய், மதாம் தில் மூக்கு வைத்த அதே தொட்டியை எடுத்துவந்து அவர் கையில் கொடுத்தாள். செடி வாடவில்லை. இன்னும் கொஞ்சம் செழித்திருந்தது.

"படிவம்?" என்றாள்.

"சட்டைப் பையில."

"பேனா?"

அவர் திரும்பி வந்து பேனாவை எடுத்துக்கொண்டார்.

மதாம் தில்லின் வீடு பழைய சுரங்கத் தெருவில், சிவப்புக் கதவு. பெல்மீரோ முழங்கையால் மணியை அழுத்தினார். கதவைத் திறந்த மதாம் தில், வழவழ முகத்தோடு செடி ஏந்தி நிற்கும் அந்நியரை மேலும் கீழும் பார்த்தார். தன் மொழியில், எதுவும் வாங்குவதாக இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்தப் போனார்.

முப்பத்தொரு வருடமாக பெல்மீரோவுக்காகப் பேசியவை அவருடைய கைகள்தான். அன்று இரண்டு கையிலும் தொட்டி இருந்தது. மிச்சமிருந்தது வாய் ஒன்று. தெருவின் இரு பக்கமும் பார்த்தார். சங்கத்து ஆள் எவரும் இல்லை.

"காலை வணக்கம், அம்மா" என்றார், அந்த ஊர்ப் பேச்சில். "விக்கறதுக்கு வரல. நான் பெல்மீரோ. போன தடவை மீசை இருந்தது. அன்னைக்கு உங்களைச் சொன்னது தப்பு. பசு நாசூக்கானதுதான், ஆனா அது பாஷை கத்துக்க வந்ததில்ல. மன்னிச்சுக்கணும்."

மதாம் தில் கதவிலிருந்து கையை எடுத்தார். "இவ்வளவு சுத்தமாப் பேசறீங்க. இது எங்க சுரங்கத் தெரு ஆளுங்க பேச்சு. யார் சொல்லிக் கொடுத்தது?"

"யாரும் இல்ல. மேஸ்திரி பேசுவார். காது மூடிக்கற சாமான் இல்லையே."

மதாம் தில் செடியைப் பார்த்தார். உள்ளங்கையை மெல்ல அதன்மேல் ஓட்டி, கையை முகர்ந்தார். பிறகு பெல்மீரோவின் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த காகிதத்தைப் பார்த்தார்.

"கையெழுத்துப் போடறேன். அதுக்கு முன்னால ஒண்ணு சொல்லுங்க. உங்க சம்சாரமும் அந்த பஸ்ஸுலதானே வந்தாங்க. எதுக்குச் சிரிச்சாங்க?"

பெல்மீரோவுக்கு அது தெரியும். இருபத்தாறு வருடமாக ஒவ்வொரு சாயங்காலமும் சாப்பாட்டு மேசையில் கேட்ட கதை. மதாம் தில் பிரேக் போடுவதைப் பற்றியது.

"சொல்லலாம், அம்மா" என்றார், இன்னமும் அந்த ஊர்ப் பேச்சிலேயே, ஒரு வார்த்தை தடுக்காமல். "ஆனா அதை எங்க பாஷையில சொன்னாத்தான் சிரிப்பு வரும். வகுப்பு சனிக்கிழமை, காலையில பத்து மணி. ஜன்னல் பக்கம் உக்காருங்க, அங்க தரை நல்லா இருக்கும்."