சுவருக்கு அந்தப் பக்கம் கலியாணம்

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கிழக்கு லண்டனில் ஒரு தேவாலயத்தின் பெரிய மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கூரை உயரமானது, தரை மரம். வாத்தியங்களின் ஒலி நன்றாக நிற்குமென்று ரெக்கோர்டிங்குக்கு வாடகைக்கு எடுப்பார்கள். கதிரை போடுவேன், ஹீட்டரை நிறுத்துவேன், சிவப்பு லைட் எரிந்தால் கதவடியில் நிற்பேன். வெளியில் சத்தம் கேட்டால் போய் நிறுத்தச் சொல்ல வேண்டும். அதுதான் கஷ்டம். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றவன் நான். தமிழிலேயே முன்பின் தெரியாதவர்களிடம் பேசக் கூசுவேன். ரோட்டில் டிரில் போடுகிறவனிடம் போய்ப் பேச்சு வராமல் கும்பிட்டு நின்றிருக்கிறேன்.

மார்கரெட் என்றொரு பெண்மணி அடிக்கடி வருவார். சின்னக் கம்பனி, அவரேதான் முதலாளி, அவரேதான் புரொடியூசர். பெரிய கம்பனிகள் எல்லோருக்கும் தெரிந்த சிம்பொனிகளையே திரும்பத் திரும்பப் பதிவு செய்யும். இவரோ நூறு வருஷமாக யாரும் வாசிக்காததைத் தேடிப் பிடிப்பார்.

அன்று அப்படி ஒரு சிம்பொனியின் கடைசி நாள். மெதுவாகப் போகும் பகுதியும் முடிவுப் பகுதியும் மட்டும் பாக்கி. ஒரு மணிக்கு இசைக்குழு போய்விடும். பிறகு அவர்களை மறுபடி கூட்ட மார்கரெட்டால் முடியாது. அரைகுறையாக நின்றால் ரெக்கோர்ட் வெளிவராது.

காலையில் பக்கத்துச் சின்ன மண்டபத்தைத் திறந்து பார்த்தால் மணவறை நிற்கிறது. ஒருவர் தவிலுக்கு வார் இழுத்துக்கொண்டிருக்கிறார். தேவாலய ஒபிஸுக்கு ஓடினேன்.

"வெடிங் என்றுதானே கேட்டார்கள்? வெடிங்கில் என்ன சத்தம்?" என்றார் அங்கிருந்த அம்மா. அவருக்குத் தெரிந்த கலியாணத்தில் கொஞ்சம் ஓர்கன், பிறகு கேக். அவ்வளவுதான்.

பெண்ணின் தகப்பன், லண்டனிலேயே செவன் கிங்ஸ் என்ற பகுதியில் குடியிருக்கும் நம்மூர்க்காரர், பட்டு வேட்டியோடு வாசலில் நின்றார்.

"அண்ணை, அங்கால ரெக்கோர்டிங் நடக்குது. மேளத்தைக் கொஞ்சம் நிப்பாட்ட ஏலுமே?"

"என்ன கதை கதைக்கிறீர் தம்பி? ஊரில ஷெல் விழேக்கையும் மேளம் அடிச்சுத்தான் தாலி கட்டினனாங்கள். உமக்குக் கலியாணம் முடிஞ்சுதோ?"

"ஓம் அண்ணை."

"மேளத்தோடையோ?"

"ஓம்."

"பிறகென்ன? உள்ளுக்கு வந்து தேத்தண்ணி குடியும்."

திரும்பி வந்து மார்கரெட்டிடம் சொன்னேன். பதினொரு மணிக்குப் பிறகு தாலி, அதுவரைக்கும் மேளம், சாப்பாடு தொடங்கினால் ஓயும். நான் சொல்லி முடிக்குமுன் தவில்காரர் ஒரு முறை தட்டிப் பார்த்தார். சுவர் அதிர்ந்தது. செலோக்காரர்கள் சிரித்தார்கள். மார்கரெட் சிரிக்கவில்லை.

"முடிவுப் பகுதியை முதலில் எடுப்போம். ட்ரம்பெட்டும் டிம்பனி முரசும் மேளத்தை மூடிவிடும்" என்றார்.

ஹோர்ன் என்ற பித்தளைக் குழல் வாசிக்கும் டெனிஸ் எழுந்தார். வயதானவர். மெதுவான பகுதி அவருடைய ஹோர்ன் தனியாக ஒலிப்பதில்தான் தொடங்கும். "அந்த முடிவுப் பகுதியை ஊதின பிறகு என் உதடு என்ன கதியில் இருக்கும் தெரியுமா?"

"வேறு வழி இருந்தால் சொல்லுங்கள், டெனிஸ்."

அவர் உட்கார்ந்துவிட்டார்.

கெட்டிமேளமும் முடிவுப் பகுதியும் ஒரே நேரத்தில் முழங்கின. இரண்டு மூன்று இடங்களில் தவில் மேலே வந்தது. அவற்றை மட்டும் திரும்ப எடுத்தார்கள். பிறகு மேளம் ஓய்ந்தது. ஆனால் பந்தி தொடங்கியிருந்தது. பிள்ளைகள் ஓடுகிற சத்தம், கதிரை இழுக்கிற சத்தம். டெனிஸ் உதட்டைத் தடவிக்கொண்டிருந்தார். மறுபடி போனேன்.

"அண்ணை, ஒரு மனிசன் எழுதிவைச்ச சங்கீதம். நூறு வருஷமா ஒருத்தரும் கேக்கேல்லை. இண்டைக்கு விட்டா இனி இல்லை. தொடக்கத்தில ஒரு வயசாளி தனிய ஊதவேணும். உங்கட மேளத்துக்காக மற்றதை முதல்ல ஊதி, ஆளின்ர சொண்டு களைச்சுப்போச்சு. ஒரு கால் மணித்தியாலம் தாங்கோ."

அவர் என்னை உற்றுப் பார்த்தார். "இதை முதலே சொல்லியிருக்கலாமே. நான் வெள்ளைக்காரனுக்குப் பயந்து வாறீர் எண்டெல்லோ நினைச்சன்." திரும்பிக் கையைத் தட்டினார். "பிள்ளையளை வெளியில கொண்டுபோங்கோ! பாயாசம் பிறகு. ஒருத்தரும் கதிரை இழுக்கப்படாது!"

சிவப்பு லைட் எரிந்தது. முதல் டேக்கில் உச்சிச் சுரத்தில் ஹோர்னின் ஒலி உடைந்தது. யாரும் டெனிஸைப் பார்க்கவில்லை. அவர் தண்ணீர் குடித்துவிட்டுத் தலையசைத்தார். இரண்டாம் முறை ஒலி மெலிந்துதான் வந்தது, ஒத்திகையில் கேட்ட நிறைவு அதில் இல்லை. ஆனால் உடையவில்லை. வயலின்கள் வந்து சேர்ந்தன. முடிவில் கடைசி ஒலி கூரையில் அடங்கும்வரை பக்கத்து மண்டபத்திலிருந்து ஒரு தும்மல்கூட வரவில்லை.

"இன்னொரு டேக்?" என்றார் மார்கரெட்.

டெனிஸ் ஹோர்னை மடியில் வைத்தார். "என்னிடம் இருந்தது இவ்வளவுதான்."

அந்த டேக்தான் ரெக்கோர்டில் வந்தது.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். சத்தத்தை நிறுத்தச் சொல்லப் போகும்போது, உள்ளே என்ன நடக்கிறது, யாருக்கு என்ன கஷ்டம் என்று சொல்லுங்கள். அன்றைக்குப் பிறகு டிரில் போடுகிறவனிடமும் நான் அப்படித்தான் சொன்னேன். என் இங்கிலீஷ் அதற்குப் போதுமானதாக இருந்தது.