விசாவுக்கு ஒரு ஸ்லோகம்

இன்று மயிலாப்பூர் பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு ஜெர்மன் வினைச்சொற்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தேன். எதை வாங்கினாய், எதைத் தின்றாய் என்று செயப்படுபொருளைக் கேட்டுக் குடையும் ரகம். புத்தகத்தில் உதாரணத்துக்கு மீனைத்தான் கொடுத்திருந்தார்கள்.

மீனை வாங்குகிறேன். மீனை வறுக்கிறேன். மீனைத் தின்கிறேன். எல்லாம் ஜெர்மனில்.

பக்கத்து சீட் மாமி தோளைத் தொட்டார். "இது என்ன ஸ்லோகம்மா? கேட்டதே இல்லையே."

"ஜெர்மனி விசாவுக்கு, மாமி."

பொய்யில்லை. ஜெர்மன் மொழிப் பரீட்சையில் தேறினால்தான் எனக்கு விசா.

"எங்காத்துப் பிள்ளைக்கும் விசா இழுத்துண்டே இருக்கு. நிதானமா சொல்லு, ரெக்கார்ட் பண்ணிக்கறேன்."

உண்மையைச் சொல்ல வாயெடுப்பதற்குள் மொபைலை நீட்டிவிட்டார். சொன்னேன். கன்னத்தில் போட்டுக்கொண்டு லஸ் ஸ்டாப்பில் இறங்கிப் போனார்.

நாளை விடியற்காலையில் மாமி வீட்டுப் பூஜையறையில் ஜெர்மனில் மீன் வறுபடும்.

தெரிந்தவர்கள் யாராவது மாமியிடம் சொல்லிவிடுங்கள். பிள்ளைக்கு விசா வந்த பிறகு சொன்னால் போதும்.