மூடாத இடது கண்

மைசூரில் தம்பியின் கால்பந்து ஆட்டத்துக்குப் போயிருந்தேன். "ஸ்வல்ப தள்ளிக்கோங்க மேடம்" என்றபடி ஒரு பத்திரிகைப் படக்காரர் பக்கத்தில் மண்டியிட்டார். அவர் கேமரா சடசடவென்று பொரிந்தது.

அப்பாவும் விளையாட்டுப் படக்காரர்தான். அவர் பையில் நீள லென்ஸ், ஒற்றைக்கால் ஸ்டாண்ட், மழை உறை, மஞ்சள் துணி எல்லாம் எங்கெங்கே இருக்கும் என்று இன்றும் சொல்வேன். "வலது கண்ணு கேமராவுல, இடது கண்ணு கிரவுண்டுல. அத மூடினா பந்து மூஞ்சிலதான் பாப்பா" என்பார்.

பள்ளி ஓட்டப்பந்தயத்தில் படமெடுத்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு இடப்பக்கம், கையெட்டும் தூரத்தில், தடுக்கி விழுந்தேன். வாயெல்லாம் செம்மண். சடசடப்பு நிற்கவில்லை, லென்ஸ் முதலில் ஓடியவளோடு போய்விட்டது. அம்மாதான் வந்து தூக்கினாள்.

"அப்பா கேமராவுல இருந்தாரு. உன்னப் பாக்கல கண்ணு."

அம்மா இன்றும் அதையே சொல்கிறாள். நானும் தலையாட்டுகிறேன்.

பக்கத்துப் படக்காரரைத் திரும்பிப் பார்த்தேன். அவருடைய இடது கண் திறந்தே இருந்தது.